சர்வர் நல்லா இருக்குன்னு யார் சொன்னது?

போன வருடம் எங்கள் டிபார்ட்மென்ட் சிம்போசியத்துக்கு ஆன்லைன் ரெஜிஸ்ட்ரேஷன் வைத்திருந்தோம். ஜாவாவில் எழுதிய ஒரு அப்ளிகேஷன், கூடவே ஒரு மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸ். இரண்டும் 1 ஜிபி மெமரி கொண்ட ஒரே ஒரு அமேசான் இசி2 சர்வரில். கடைசி தேதிக்கு முந்தைய நாள் இரவு ஏதோ நடந்தது. ஆனால் எங்களுக்கு அது தெரியவே இல்லை. கன்சோலைத் திறந்து பார்த்தோம். ஸ்டேட்டஸ் செக் எல்லாம் பாஸ். சிபியு கிராஃப் முன்பைவிட இன்னும் கீழே இறங்கி அமைதியாக இருந்தது. "சூப்பர் மச்சி, லோடு கம்மியா இருக்கு" என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போய்விட்டோம்.

லோடு குறையவில்லை நண்பர்களே. மெமரி தீர்ந்துபோனதால் லினக்ஸ் கர்னல் டேட்டாபேஸைக் கொன்றுவிட்டது. வேலை செய்ய ஆளே இல்லாததால்தான் சிபியு அவ்வளவு அமைதி. அந்த இரவில் பணம் கட்டிய சிலருடைய பெயர் எங்கள் பட்டியலில் ஏறவே இல்லை. சிம்போசியம் அன்று காலை, வெளியூரிலிருந்து பஸ் பிடித்து வந்த இரண்டு பேர் ரெஜிஸ்ட்ரேஷன் மேசை முன்னால் பேமென்ட் ஸ்கிரீன்ஷாட்டைக் காட்டிக்கொண்டு நின்றார்கள். அவர்களிடம் சொல்ல எங்களிடம் பதில் இல்லை.

அன்றைக்கு எங்களிடம் இல்லாத பொருள் ஒன்றே ஒன்று. அதன் பெயர் மானிட்டரிங் ஏஜென்ட். அதை எப்படி அமைப்பது, எங்கே தவறு நடக்கும் என்பதை அமேசானின் கிளவுட்வாட்ச் ஏஜென்டை வைத்துப் பார்ப்போம். கட்டளைகளை எழுத்து மாறாமல் ஏடபிள்யூஎஸ் ஆவணத்திலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள். எந்த வரிசையில், எதற்காகச் செய்கிறோம் என்பதுதான் இந்தக் கட்டுரை.

வெளியிலிருந்து பார்த்தால் என்ன தெரியும்?

நீங்கள் இசி2 சர்வர் ஒன்றைத் தொடங்கியதுமே கிளவுட்வாட்ச் சில அளவுகளைத் தானாகக் காட்டும். சிபியு பயன்பாடு, நெட்வொர்க்கில் போன வந்த பைட்டுகள், டிஸ்க்கில் எத்தனை முறை படித்தது, எழுதியது. சாதாரணமாக 5 நிமிடத்துக்கு ஒரு முறை. டீட்டெய்ல்டு மானிட்டரிங் போட்டால் 1 நிமிடத்துக்கு ஒரு முறை.

இந்தப் பட்டியலில் மெமரி எவ்வளவு நிரம்பியது என்பது இல்லை. டிஸ்க்கில் எவ்வளவு இடம் மிச்சம் என்பதும் இல்லை. ஏன் தெரியுமா? இந்த அளவுகள் எல்லாம் ஹைப்பர்வைசர் வெளியிலிருந்து எடுப்பவை. உங்களுக்கு 1 ஜிபி கொடுத்திருக்கிறேன் என்பது வரைக்கும் அதற்குத் தெரியும். அதற்குள் எந்தப் பக்கத்தை ஜாவா பிடித்திருக்கிறது, எது காலி என்பது உள்ளே ஓடும் லினக்ஸுக்கு மட்டும்தான் தெரியும். வீட்டு ஓனருக்கு ஈபி மீட்டர் தெரியும், உங்கள் வீட்டு அரிசி டப்பாவில் எவ்வளவு இருக்கு என்று தெரியாது. அதே கதைதான்.

அதனால் உள்ளேயே ஒரு ஆள் வேண்டும். சர்வருக்குள் ஓடிக்கொண்டு, லினக்ஸிடம் கேட்டு, பதிலை வெளியே அனுப்பும் சின்ன புரோகிராம்தான் ஏஜென்ட்.

இது காலேஜ் புராஜெக்டுக்கு மட்டும் உள்ள பிரச்சினை என்று நினைக்காதீங்க. பெரிய கம்பெனிகள் எஸ்ஏபி மாதிரி ஈஆர்பி மென்பொருளை ஏடபிள்யூஎஸ்ஸில் ஓட்டும்போது, "டேட்டா புரொவைடர் ஃபார் எஸ்ஏபி" என்ற ஏஜென்டை நிறுவியாக வேண்டும். எஸ்ஏபியின் சப்போர்ட் கிடைக்க அது ஒரு நிபந்தனை. டீட்டெய்ல்டு மானிட்டரிங்கும் போட வேண்டும். அங்கே பிரச்சினை தலைகீழ். உள்ளே இருக்கும் எஸ்ஏபிக்கு, தான் எந்த வகை இயந்திரத்தில் ஓடுகிறது, வெளியே தனக்கு எவ்வளவு சிபியு கிடைக்கிறது என்று தெரியாது. அந்த வெளித் தகவலை ஏஜென்ட் உள்ளே கொண்டுவந்து கொடுக்கிறது. அஷ்யூரிலும் இதே வேலைக்கு எஸ்ஏபிக்கென்று தனி எக்ஸ்டென்ஷன் உண்டு. ஆக, வெளியே இருப்பவனுக்கு உள்ளே தெரியாது, உள்ளே இருப்பவனுக்கு வெளியே தெரியாது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் உண்மை தெரியும்.

முதல் படி: அனுமதி

நிறைய பேர் நேராக இன்ஸ்டால் பண்ணப் போவார்கள். முதலில் செய்ய வேண்டியது அனுமதி. ஏஜென்ட் கிளவுட்வாட்சுக்குத் தகவல் அனுப்ப வேண்டுமென்றால் அதற்கு ஏடபிள்யூஎஸ் அனுமதி வேண்டும். இங்கே எல்லோரும் செய்யும் தப்பு, தன்னுடைய ஆக்சஸ் கீயைச் சர்வரில் ஒரு ஃபைலில் எழுதி வைப்பது. அந்த ஃபைல் ஒரு நாள் கிட்ஹப்புக்குப் போய்விடும். அடுத்த நாள் பில் வரும்.

சரியான வழி, ஐஏஎம் ரோல். இசி2வுக்கென்று ஒரு ரோல் உருவாக்கி, "கிளவுட்வாட்ச் ஏஜென்ட் சர்வர் பாலிசி" என்ற தயார் பாலிசியை மட்டும் அதில் சேர்த்து, ரோலைச் சர்வரோடு இணையுங்கள். சர்வர் தனக்கான தற்காலிகச் சாவியைத் தானே வாங்கிக்கொள்ளும், தானே புதுப்பித்துக்கொள்ளும். ஃபைலில் எதுவும் எழுத வேண்டாம். இதே பெயரில் "அட்மின் பாலிசி" என்று இன்னொன்று இருக்கும். அது கான்ஃபிகரேஷனைப் பாராமீட்டர் ஸ்டோரில் சேமிக்கும்போது மட்டும் தேவை. வேலை முடிந்ததும் எடுத்துவிடுங்கள்.

இரண்டாம் படி: நிறுவுவதும் கேள்விகளும்

அமேசான் லினக்ஸில் இது பேக்கேஜாகவே கிடைக்கும். உபுண்டுவில் டெப் ஃபைலை டவுன்லோடு செய்து நிறுவ வேண்டும். பிறகு கூடவே வரும் விசார்டை ஓட்டுங்கள். அது வரிசையாகக் கேள்வி கேட்டு ஒரு ஜேசன் ஃபைல் எழுதித் தரும். எல்லாவற்றுக்கும் என்டர் தட்டிக்கொண்டே போகாதீங்க. மூன்று இடங்களில் நின்று யோசிக்கணும்.

ஒன்று, கலெக்ட்-டி வேண்டுமா என்ற கேள்வி. அப்படி ஒரு மென்பொருள் உங்கள் சர்வரில் இல்லையென்றால் "வேண்டாம்" என்று சொல்லுங்கள். ஆம் என்று விட்டுவிட்டால், இல்லாத ஒரு ஃபைலைத் தேடி ஏஜென்ட் தொடங்காமலே நின்றுவிடும். புதிதாக நிறுவுபவர்கள் அதிகம் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான்.

இரண்டு, எந்தெந்த அளவுகள் என்ற கேள்வி. ஏஜென்ட் அனுப்புபவை எல்லாம் கஸ்டம் மெட்ரிக் கணக்கில் வரும். முதல் 10 இலவசம். அதற்கு மேல் ஒவ்வொன்றுக்கும் மாதம் 0.30 டாலர். கேட்க சின்னதாக இருக்கும். ஆனால் டிஸ்க் என்ற இடத்தில் நட்சத்திரக் குறி போட்டால் மவுன்ட் ஆன ஒவ்வொன்றும், சிபியுவில் போட்டால் ஒவ்வொரு கோரும் தனித்தனி மெட்ரிக். ஒரு சின்ன புராஜெக்டுக்கு மெமரி, ரூட் டிஸ்க், ஸ்வாப், ஜாவா புராசஸ், டேட்டாபேஸ் புராசஸ் என்று 5 போதும். விசார்ட் தானாகச் சேர்க்கும் அக்ரிகேஷன் பகுதி தேவையில்லை என்றால் அழித்துவிடுங்கள்.

மூன்று, லாக் ஃபைல்கள். அப்ளிகேஷன் லாகையும் கிளவுட்வாட்சுக்கு அனுப்பலாம். அனுப்பினால் எத்தனை நாள் வைத்திருக்க வேண்டும் என்பதை நீங்களே குறிப்பிடுங்கள். குறிப்பிடாவிட்டால் அது காலம் முழுக்க அங்கேயே கிடக்கும், வாடகையோடு.

புராசஸ் கணக்கை விசார்ட் கேட்காது. ஜேசன் ஃபைலில் புராக்-ஸ்டாட் என்ற பகுதியைக் கையால் சேர்க்க வேண்டும். "இந்தப் பெயரில் எத்தனை புராசஸ் ஓடுகிறது" என்று அது எண்ணிச் சொல்லும். எங்களிடம் இது இருந்திருந்தால் டேட்டாபேஸ் செத்த நிமிடமே 1 என்பது 0 ஆகியிருக்கும்.

மூன்றாம் படி: ஓட்டுவதும் சரிபார்ப்பதும்

ஏஜென்டின் கன்ட்ரோல் ஸ்கிரிப்டிடம் ஜேசன் ஃபைலின் பாதையைக் கொடுத்து, தொடங்கச் சொல்லுங்கள். ஃபெட்ச் கான்ஃபிக் என்றால் பழைய கான்ஃபிகரேஷனை நீக்கிவிட்டுப் புதியதைப் போடும். அப்பெண்ட் கான்ஃபிக் என்றால் பழையதோடு சேர்க்கும். இது குழம்பினால் "மெமரி வந்தது, டிஸ்க் காணாமப் போச்சு" என்று புலம்ப வேண்டி வரும்.

சில நிமிடங்களில் கிளவுட்வாட்சில் சிடபிள்யூ ஏஜென்ட் என்ற பெயரில் புதிய நேம்ஸ்பேஸ் தெரியணும். தெரியவில்லையா? ஏஜென்டின் லாக் ஃபைலைத் திறங்கள். "ஆக்சஸ் டினைடு" என்றால் ரோலில் அந்தப் பாலிசி சேர்க்கவில்லை. "டைம் அவுட்" என்றால் சர்வருக்கு வெளியே போக வழியில்லை. பிரைவேட் சப்நெட்டில் இருக்கும் சர்வருக்கு நாட் கேட்வே அல்லது விபிசி எண்ட்பாயின்ட் வேண்டும். எல்லாம் சரி, ஆனாலும் காணோம் என்றால் வேறு ரீஜனைப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள்.

ஒரு விஷயம் கவனியுங்கள். இந்த ஏஜென்ட் தகவலை 443 போர்ட் வழியாக வெளியே தள்ளுகிறது. அதனால் உள்ளே வர எந்தப் போர்ட்டையும் திறக்கத் தேவையில்லை. பிராமிதியஸ் இதற்கு நேர் எதிர். சவுண்ட்கிளவுட் நிறுவனத்தில் 2012இல் தொடங்கிய அந்த ஓப்பன் சோர்ஸ் கருவியில், மைய சர்வர்தான் ஒவ்வொரு சர்வரிடமும் வந்து கேட்டு வாங்கிப் போகும். அதற்கு நோட் எக்ஸ்போர்ட்டரின் 9100 போர்ட் திறந்திருக்கணும். அதை உலகத்துக்கே திறந்து வைக்காமல், பிராமிதியஸ் சர்வருக்கு மட்டும் திறங்கள்.

நான்காம் படி: யாரை எழுப்புவது?

கிராஃப் வந்ததும் எல்லோரும் நிறுத்திவிடுவார்கள். இரவு 2 மணிக்குக் கிராஃபை யார் உட்கார்ந்து பார்ப்பது? அலாரம் வைக்க வேண்டும். மெமரி 85 சதவீதத்தைத் தாண்டி 3 முறை தொடர்ந்து இருந்தால், டிஸ்க் 80 சதவீதம் ஆனால், டேட்டாபேஸ் புராசஸ் 1க்குக் கீழே போனால் மெயில் வரணும். மெயிலை எஸ்என்எஸ் அனுப்பும். முதலில் உங்கள் இன்பாக்ஸுக்கு ஒரு உறுதிப்படுத்தும் லிங்க் வரும். அதை அழுத்தவில்லை என்றால் அலாரம் அடிக்கும், மெயில் மட்டும் வராது.

எல்லாவற்றையும்விட முக்கியமானது இனிமேல்தான். சர்வர் முழுசாகத் தொங்கிவிட்டால் ஏஜென்டும் சேர்ந்து தொங்கும். அப்போது மெமரி 99 என்று செய்தி வராது. எந்தச் செய்தியும் வராது. அலாரத்தின் இயல்பான அமைப்பில், தகவல் வரவில்லை என்றால் அது "போதிய தகவல் இல்லை" என்ற நிலைக்குப் போய்ச் சும்மா உட்கார்ந்துவிடும். மிஸ்ஸிங் டேட்டாவை எப்படி எடுத்துக்கொள்வது என்ற இடத்தில் "பிரீச்சிங்" என்று மாற்றுங்கள். பேச்சு மூச்சு இல்லை என்றாலே ஆபத்து என்று அது எடுத்துக்கொள்ளும். நாங்கள் அன்றிரவு செய்த தப்பே இதுதானே? அமைதியைப் பார்த்து, எல்லாம் நல்லா இருக்கு என்று நினைத்தோம்.

கடைசியாக, வைத்த அலாரத்தைச் சோதித்துப் பாருங்கள். டேட்டாபேஸை நீங்களே நிறுத்துங்கள், மெயில் வருகிறதா? ஏஜென்டை நிறுத்துங்கள், வருகிறதா? மெயில் உங்கள் ஒருவருக்கு மட்டும் போகிறதா, இல்லை டீமில் இன்னொருவருக்கும் போகிறதா? செமஸ்டர் லீவில் நீங்கள் ஊருக்குப் போனாலும் சர்வர் ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

ஏஜென்டாலும் எல்லாம் முடியாது. புராசஸ் உயிரோடு இருந்தும் பதில் சொல்லாமல் இருக்கலாம். ஜாவா ஹீப் நிரம்பித் திணறினாலும் லினக்ஸ் கண்ணுக்கு மெமரி அப்படியே இருப்பது போலத் தெரியும். அதனால் வெளியிலிருந்து ஒரு மாணவர் மாதிரியே ரெஜிஸ்ட்ரேஷன் பக்கத்தைத் திறந்து பார்க்கும் ஒரு ஹெல்த் செக்கும் சேர்த்து வையுங்கள். உள்ளே ஒரு கண், வெளியே ஒரு கண்.

இந்த வருடச் சிம்போசியத்துக்கு ஜூனியர்கள் அதே அப்ளிகேஷனை ஓட்டினார்கள். ஒரு சனிக்கிழமை இரவு மெமரி அலாரம் அடித்தது. ஒரு பையன் எழுந்து, ஜாவாவுக்குக் கொடுத்த மெமரியைக் குறைத்து, ஒரு ஸ்வாப் ஃபைல் சேர்த்துவிட்டுத் திரும்பத் தூங்கிவிட்டான். மறுநாள் வாட்ஸ்ஆப் குரூப்பில் ஒரு வரி போட்டான், அவ்வளவுதான். ரெஜிஸ்ட்ரேஷன் மேசை முன்னால் இந்த முறை யாரும் ஸ்கிரீன்ஷாட்டோடு நிற்கவில்லை.

உங்கள் புராஜெக்ட் சர்வரில் இப்போது மெமரி எத்தனை சதவீதம்? பதில் தெரியவில்லை என்றால், இந்த வார இறுதியில் இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள்.