எடுத்துச்செல்லத்தக்க ஒலிபெருக்கித் தொகுதி

எடுத்துச்செல்லத்தக்க ஒலிபெருக்கித் தொகுதி என்பது ஓரிடத்தில் நிலையாகப் பொருத்தப்படாமல், நிகழ்ச்சிக்கு நிகழ்ச்சி வண்டியில் ஏற்றிச்சென்று நிறுவி, முடிந்ததும் கழற்றி எடுத்துவரக்கூடிய ஒலிக்கருவிகளின் தொகுப்பு ஆகும். திருமணம், பிறந்தநாள், கல்லூரி விழா போன்ற நிகழ்வுகளில் பாடல்களைத் தெரிவுசெய்து தொடர்ச்சியாக ஒலிக்கவிடும் நடமாடும் டிஜேக்களுக்கு இதுவே முதன்மைக் கருவி ஆகும். இத்தகைய தொகுதியை வாங்குவோர் பலர் பெட்டியின் மீது அச்சிடப்பட்ட வாட் எண்ணை மட்டும் பார்த்து முடிவு செய்கின்றனர். ஆனால் வாட் என்பது ஒலிபெருக்கிக்குள் செல்லும் மின்திறனின் அளவு; அதிலிருந்து வெளிவரும் ஒலியின் அளவு அன்று. ஒலிபெருக்கியின் உணர்திறன், கேட்போரின் தொலைவு, தாழ் அதிர்வெண்களை ஒலிக்கும் திறன், எடை, பாதுகாப்பு ஆகியவற்றையும் சேர்த்தே ஒரு தொகுதி மதிப்பிடப்படுகின்றது.

வரலாறு

காந்தப்புலத்தில் அசையும் கம்பிச்சுருளைக் கொண்ட ஒலிபெருக்கியைப் பீட்டர் ஜென்சன், எட்வின் பிரிதாம் ஆகிய இருவரும் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் உருவாக்கினர். 1915 டிசம்பர் 24 அன்று சான் பிரான்சிஸ்கோ நகர மண்டபத்தின் முன் கூடிய பெருங்கூட்டத்திற்கு அவர்களது கருவி மூலம் ஒலி கேட்கச் செய்யப்பட்டது. இன்று பயன்படும் கூம்புத்தாள் ஒலிபெருக்கியின் அடிப்படை வடிவத்தை செஸ்டர் ரைஸ், எட்வர்ட் கெல்லாக் ஆகியோர் 1925 ஆம் ஆண்டில் வெளியிட்டனர்.

ஒலிக்கருவிகளை வண்டியில் ஏற்றிச்சென்று தெருவிலும் திறந்த வெளியிலும் இசையை ஒலிக்கும் வழக்கம், ஜமேக்காவின் கிங்ஸ்டன் நகரில் 1950களில் பெரிதும் வளர்ந்தது. அங்கு பிறந்த கூல் ஹெர்க் என்னும் டிஜே, 1973 ஆகஸ்ட் 11 அன்று நியூயார்க் நகரின் பிராங்ஸ் பகுதியில் நடத்திய விருந்து, ஹிப் ஹாப் இசையின் தொடக்கமாகப் பரவலாகக் கருதப்படுகின்றது.

அக்காலத் தொகுதிகள் மிகவும் கனமானவை. 1980களில் அறிமுகமான நியோடிமியம் காந்தங்களும், மின்திறனில் பெரும்பகுதியை வெப்பமாக இழக்காத டி-வகை மிகைப்பிகளும் பிற்காலத்தில் எடையைப் பெரிதும் குறைத்தன. 1995 ஆம் ஆண்டில் வெளிவந்த ஜேபிஎல் இயான் வரிசை, வார்ப்பு நெகிழிப் பெட்டிக்குள் மிகைப்பியையும் கொண்ட ஒலிபெருக்கிகளைப் பரவலாக்கியது. 2003 ஆம் ஆண்டில் போஸ் நிறுவனம் எல்1 என்னும் ஒல்லியான தூண் வடிவத் தொகுதியை வெளியிட்டது.

வகைகள்

ஆம்ப்ளிஃபயர் எனப் பொதுவாக அழைக்கப்படும் மிகைப்பி எங்கு உள்ளது என்பதைப் பொறுத்து ஒலிபெருக்கிகள் இரு வகைப்படும்.

* மிகைப்பி அற்ற ஒலிபெருக்கி: தனி மிகைப்பி தேவை. மிகைப்பியின் திறனும், ஓம் அளவில் குறிக்கப்படும் ஒலிபெருக்கியின் மின்னெதிர்ப்பும் பொருந்துமாறு பயனரே தெரிவு செய்யவேண்டும். பெட்டி எளிமையானதாதலால் பழுதுபார்ப்பது எளிது.
* மிகைப்பி உள்ளமைந்த ஒலிபெருக்கி: மிகைப்பி, அதிர்வெண் பிரிப்பி, மிகைச்சுமைப் பாதுகாப்பு ஆகியவை பெட்டிக்குள்ளேயே ஒன்றுக்கொன்று பொருத்தமாக அமைக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு பெட்டிக்கும் மின்வடம், ஒலிவடம் என இரண்டு வடங்கள் தேவை. தனியாகப் பணியாற்றும் டிஜேக்கள் பெரும்பாலும் இவ்வகையையே பயன்படுத்துகின்றனர்.

வாட்டும் டெசிபலும்

ஒலியின் அளவு டெசிபல் என்னும் மடக்கை அலகில் குறிக்கப்படுகின்றது. மின்திறன் இரு மடங்கானால் ஒலியளவு 3 டெசிபல் மட்டுமே கூடும். மனிதச் செவிக்கு ஒலி ஏறத்தாழ இரு மடங்கு உரத்ததாகத் தோன்ற 10 டெசிபல் கூடவேண்டும். அதற்குப் பத்து மடங்கு மின்திறன் தேவைப்படும். ஆகவே 500 வாட் பெட்டி, 250 வாட் பெட்டியைப் போல் இரு மடங்கு உரத்து ஒலிக்கும் என்பது தவறான கருத்து ஆகும்.

ஓர் ஒலிபெருக்கிக்கு 1 வாட் மின்திறன் அளிக்கும்போது 1 மீட்டர் தொலைவில் கிடைக்கும் ஒலியளவு அதன் உணர்திறன் எனப்படும். எடுத்துக்காட்டாக, பின்வரும் இரண்டு பெட்டிகளை ஒப்பிடலாம்.

* முதல் பெட்டி: உணர்திறன் 97 டெசிபல், திறன் 250 வாட். 250 வாட் என்பது 1 வாட்டை விட 24 டெசிபல் மிகுதி. எனவே மிகை அளவு 121 டெசிபல்.
* இரண்டாம் பெட்டி: உணர்திறன் 93 டெசிபல், திறன் 500 வாட். 500 வாட் என்பது 1 வாட்டை விட 27 டெசிபல் மிகுதி. எனவே மிகை அளவு 120 டெசிபல்.

பாதி வாட் கொண்ட முதல் பெட்டியே சற்றுக் கூடுதலாக ஒலிக்கின்றது.

வாட் எண்ணும் ஒரே முறையில் குறிக்கப்படுவதில்லை. தொடர்ச்சியாகத் தாங்கும் திறனைப் போல் நான்கு மடங்கு எண்ணை உச்சத் திறனாகக் குறிப்பிடுவது வழக்கத்தில் உள்ளது. அதாவது, பெட்டியில் 1000 வாட் உச்சம் என்று எழுதியிருந்தால், அதன் தொடர்திறன் 250 வாட்டாக இருக்கலாம். ஆதலால் ஒரே வகை எண்களை மட்டுமே ஒப்பிடவேண்டும். மிகை ஒலியழுத்த அளவு என விவரத்தாளில் தரப்படும் டெசிபல் எண் வாட் எண்ணை விடப் பயனுள்ளது. எனினும் அது அளந்து பெறப்பட்டதா, மேற்கண்டவாறு கணக்கிடப்பட்டதா என்பதையும் நோக்கவேண்டும். நெடுநேரம் உரத்து ஒலிக்கும்போது கம்பிச்சுருள் சூடேறி அதன் மின்தடை கூடுவதால், கணக்கிட்ட அளவு நடைமுறையில் முழுமையாகக் கிடைப்பதில்லை.

தொலைவின் விளைவு

திறந்த வெளியில் தொலைவு இரு மடங்காகும் ஒவ்வொரு முறையும் ஒலியளவு 6 டெசிபல் குறைகின்றது. மேற்கண்ட முதல் பெட்டியின் ஒலி பின்வருமாறு குறையும்.

* 1 மீட்டரில் 121 டெசிபல்
* 2 மீட்டரில் 115 டெசிபல்
* 4 மீட்டரில் 109 டெசிபல்
* 8 மீட்டரில் 103 டெசிபல்
* 16 மீட்டரில் 97 டெசிபல்

இவை பெட்டி தரக்கூடிய மிகை அளவுகள். இசையில் முரசு அடி போன்ற திடீர் உச்சங்கள் சிதையாமல் ஒலிக்க, சராசரி அளவை ஏறத்தாழ 10 டெசிபல் தாழ்த்தி வைக்கவேண்டும். அவ்வாறாயின் 16 மீட்டரில் சராசரியாக 87 டெசிபல் மட்டுமே கிடைக்கும். இது விருந்துப் பின்னணி இசைக்குப் போதுமானது, நடனத்திற்குக் குறைவு.

இக்குறையை மின்திறனைக் கொண்டு ஈடுசெய்ய 6 டெசிபலுக்கு நான்கு மடங்கு வாட் தேவை. ஆனால் ஒலிபெருக்கியை நடனத் தளத்திற்குப் பாதித் தொலைவில் வைத்தால் அதே 6 டெசிபல் செலவின்றிக் கிடைக்கும். நீண்ட இடங்களில் ஒரு பெரிய இணைக்குப் பதிலாகச் சிறிய பெட்டிகளைக் கேட்போருக்கு அருகே பரவலாக வைப்பது இதனாலேயே சிறந்தது. மூடிய மண்டபத்தில் சுவர்களில் பட்டு எதிரொலிக்கும் ஒலியும் சேர்வதால் அளவு இவ்வளவு விரைவாகக் குறைவதில்லை. எனவே மண்டபத்தில் நன்கு ஒலித்த தொகுதி தோட்டத்தில் வலுவற்றதாகத் தோன்றுவது இயல்பு.

தாழ் அதிர்வெண்கள்

நடன இசையின் உந்துதல் பெரும்பாலும் 40 முதல் 100 ஹெர்ட்ஸ் வரையிலான அதிர்வெண்களில் உள்ளது. 50 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஏறத்தாழ 7 மீட்டர் ஆகும். இத்தகைய ஒலியை உரத்து எழுப்ப மிகுந்த காற்றை அசைக்கவேண்டும். அதற்குப் பெரிய கூம்பும் பெரிய பெட்டியும் தேவை. பெட்டியின் அளவு, தாழ் அதிர்வெண் எல்லை, உணர்திறன் ஆகிய மூன்றில் ஒன்றைப் பெற மற்றொன்றை விட்டுக்கொடுக்கவேண்டியுள்ளது. சிறிய பெட்டியும் ஆழமான ஒலியும் வேண்டுமெனில் உணர்திறன் குறையும்.

மேடைப்பேச்சுக்கும் மெல்லிசைக்கும் 10 அல்லது 12 அங்குல வூஃபர் கொண்ட ஓர் இணை போதுமானது. நடனத்திற்குத் தாழொலியை மட்டும் எழுப்பும் சப்வூஃபர் சேர்க்கப்படுகின்றது. பொதுவாக 80 முதல் 120 ஹெர்ட்ஸ் அளவில் ஒலி பிரிக்கப்பட்டு, அதற்குக் கீழுள்ளது சப்வூஃபருக்கு அனுப்பப்படும். இதனால் மேல் பெட்டிகளின் சுமை குறைந்து குரல் தெளிவடைகின்றது. இரண்டு சப்வூஃபர்களை மேடையின் இருபுறமும் பிரித்து வைத்தால் சில இடங்களில் ஒலி வலுத்தும் சில இடங்களில் நலிந்தும் கேட்கும். அவற்றை அருகருகே வைத்தால் ஒலி சீராகப் பரவும்.

பரவலும் நிறுவுதலும்

தாழொலி எல்லாத் திசைகளிலும் பரவுகின்றது. உயரொலி குறுகிய கற்றையாகச் செல்கின்றது. பெரும்பாலான பெட்டிகளில் உயரொலியைக் குறிப்பிட்ட கோணத்தில் பரப்ப ஊதுகுழல் போன்ற அமைப்பு உள்ளது. 90 பாகை அகலமும் 60 பாகை உயரமும் கொண்ட பரவல் பொதுவானது. முன்வரிசையில் நிற்போரின் உடல் உயரொலியைத் தடுக்கும் என்பதால், பெட்டிகளை முக்காலியில் தலைமட்டத்திற்கு மேல் உயர்த்தவேண்டும். இதற்கென 35 மில்லிமீட்டர் கம்பத்தை ஏற்கும் துளை பெரும்பாலான பெட்டிகளின் அடியில் உள்ளது. முக்காலியின் கால்களை முழுமையாக விரித்து, வடங்களைத் தரையோடு ஒட்டி வைப்பது பெட்டி சாய்ந்து விழுவதைத் தவிர்க்கும்.

தூண் வடிவத் தொகுதிகளில் பல சிறிய ஒலிப்பான்கள் செங்குத்தாக அடுக்கப்பட்டுள்ளன. இவை அகலத்தில் பரந்தும் உயரத்தில் குறுகியும் ஒலியைப் பரப்புவதால், எதிரொலி மிகுந்த மண்டபங்களில் பேச்சு தெளிவாகக் கேட்கும். ஆனால் இவற்றின் தாழொலி அடிப்பெட்டியின் அளவையே பொறுத்தது.

ஒலிவாங்கி ஒலிபெருக்கிக்கு முன்னால் வந்தால் ஒலி மீண்டும் மீண்டும் சுழன்று கீச்சிடும். எனவே பேசுபவர் ஒலிபெருக்கிகளுக்குப் பின்னால் நிற்குமாறு இடம் அமையவேண்டும்.

எடை, மின்கலம், இணைப்பு

தனியொருவர் முக்காலியின் மேல் தூக்கி வைக்கவேண்டிய பெட்டிக்கு எடை ஒரு முதன்மைக் கூறு ஆகும். மிகைப்பி உள்ளமைந்த 12 அங்குலப் பெட்டிகள் பலவும் 15 கிலோகிராம் அளவில் உள்ளன. சப்வூஃபர் இதைப் போல் இரு மடங்குக்கும் மேல் இருக்கலாம். வண்டியின் கொள்ளளவு, மாடிப்படிகள், உதவியாளர் உண்டா என்பவற்றை வாங்குமுன் எண்ணிப் பார்க்கவேண்டும்.

மின்னிணைப்பு இல்லாத இடங்களில் லித்தியம் மின்கலம் கொண்ட பெட்டிகள் பயன்படுகின்றன. மின்கலத்தின் வாட்-மணி அளவைச் சராசரி மின்நுகர்வால் வகுத்தால் இயங்கும் நேரம் கிடைக்கும். 180 வாட்-மணி மின்கலம் சராசரி 30 வாட் நுகர்வில் 6 மணிநேரம் இயங்கும். முழு ஒலியில் இந்நேரம் வெகுவாகக் குறையும். பயணிகள் விமானத்தில் 100 வாட்-மணிக்கு மேற்பட்ட லித்தியம் மின்கலத்திற்கு விமான நிறுவனத்தின் இசைவு தேவை; 160 வாட்-மணிக்கு மேற்பட்டவற்றுக்கு அனுமதி இல்லை.

புளூடூத் இணைப்பில் ஒலி சிறிது தாமதமாகவே வருகின்றது. பின்னணி இசைக்கு இது தடையன்று. ஆனால் இரு பாடல்களின் தாளத்தைக் கேட்டுப் பொருத்தும் டிஜேக்கு இது ஏற்றதன்று. நெடுந்தொலைவு இணைப்புக்கு மூன்று முனை கொண்ட எக்ஸ்எல்ஆர் வடமே உகந்தது. இது வழியில் புகும் மின்னிரைச்சலை நீக்கிவிடுகின்றது.

பாதுகாப்பு

* மிகைச்சுமை: மிகைப்பி தன் எல்லையை மீறும்போது அலையின் முகடுகள் வெட்டப்பட்டு ஒலி சிதைகின்றது. அப்போது உயரதிர்வெண் ஆற்றல் கூடி ட்வீட்டர் எரிந்துபோகலாம். சிவப்பு எச்சரிக்கை விளக்கு தொடர்ந்து எரிந்தால் ஒலியைக் குறைக்கவேண்டும்.
* மின்சாரம்: கருவிகள் வெவ்வேறு மின்முனைகளில் இணைக்கப்படும்போது ரீங்கார இரைச்சல் எழக்கூடும். இதை நீக்கப் புவி இணைப்பைத் துண்டிப்பது உயிருக்கு ஆபத்தானது. பழுதுற்ற கருவியின் உலோக உறையையோ ஒலிவாங்கியையோ தொடுபவர் மின்தாக்குதலுக்கு உள்ளாகலாம். எல்லாக் கருவிகளையும் ஒரே மின்முனைத் தொகுப்பிலிருந்து இயக்குவதும், ஒலிவடத்தில் தனிமைப்படுத்தும் மின்மாற்றியைச் சேர்ப்பதும் சரியான வழிகள் ஆகும்.
* செவி: அமெரிக்கத் தேசியத் தொழில்சார் பாதுகாப்பு, நல நிறுவனத்தின் பரிந்துரைப்படி 85 டெசிபல் ஒலியை நாளொன்றுக்கு 8 மணிநேரம் கேட்கலாம். ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் இந்நேரம் பாதியாகக் குறைகின்றது. அதாவது 94 டெசிபலில் 1 மணிநேரம். 100 டெசிபலில் 15 நிமிடங்கள். உலக சுகாதார அமைப்பு 2022 ஆம் ஆண்டில் இசை நிகழ்விடங்களுக்குச் சராசரி 100 டெசிபல் என்னும் மேல் எல்லையைப் பரிந்துரைத்தது. இழந்த கேட்கும் திறன் மீள்வதில்லை. விருந்தினர் ஓரிரவு மட்டுமே கேட்கும் ஒலியை டிஜே ஒவ்வொரு நிகழ்ச்சியிலும் கேட்பதால், செவியடைப்பான் அவருக்கு இன்றியமையாதது.

சட்டக் கட்டுப்பாடுகள்

இந்தியாவில் ஒலி மாசு (ஒழுங்குபடுத்தல் மற்றும் கட்டுப்பாடு) விதிகள், 2000 நடைமுறையில் உள்ளன. இவற்றின்படி ஒலிபெருக்கியைப் பயன்படுத்த எழுத்து மூலமான அனுமதி தேவை. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை மூடிய அரங்குகள் தவிர்த்த பொது இடங்களில் ஒலிபெருக்கி இயக்கக்கூடாது. விழாக்காலங்களில் ஆண்டிற்கு 15 நாட்களுக்கு மிகாமல் நள்ளிரவு வரை மாநில அரசு தளர்வு அளிக்கலாம். குடியிருப்புப் பகுதிகளுக்கான எல்லை பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் ஆகும். தாழொலி சுவர்களை எளிதில் ஊடுருவுவதால், அண்டை வீட்டாரின் முறையீடுகள் பெரும்பாலும் சப்வூஃபரைப் பற்றியே எழுகின்றன.

தெரிவு செய்யும் முறை

1. வழக்கமான நிகழ்ச்சியில் மிகத் தொலைவில் நிற்போரின் தூரத்தையும், இடம் மூடியதா திறந்ததா என்பதையும் அறிதல்.
2. அத்தூரத்தில் வேண்டிய சராசரி அளவுடன் 10 டெசிபலைக் கூட்டி, தொலைவால் ஏற்படும் இழப்பையும் சேர்த்து, 1 மீட்டரில் தேவையான மிகை அளவைக் கணக்கிடல்.
3. பேச்சு, பின்னணி இசை, நடனம் ஆகியவற்றுள் எது முதன்மை என்பதைப் பொறுத்துச் சப்வூஃபர் தேவையை முடிவு செய்தல்.
4. தூக்கிச் செல்லக்கூடிய எடையை வரையறுத்தல்.
5. எஞ்சிய தெரிவுகளை, நன்கு பழகிய பாடல்களைக் கொண்டு, விற்பனைக் கூடத்தில் மட்டுமன்றித் திறந்த வெளியிலும் ஒலிக்கவிட்டு ஒப்பிடல். வாடகைக்கு எடுத்து ஒரு நிகழ்ச்சியில் பயன்படுத்திப் பார்ப்பது இதற்கு எளிய வழி ஆகும்.