பெட்டிக்குள் கலந்துபோன 101 ஓட்டுகள்

1968-இல் நியூயார்க்கில் நடந்த ஜனநாயகக் கட்சியின் உட்கட்சித் தேர்தல் ஒன்று நீதிமன்றப் படியேறியது. வென்றவர் வாங்கியது 1,422 ஓட்டு, தோற்றவர் வாங்கியது 1,405. வித்தியாசம் 17. எண்ணியதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. ஓட்டுப் போட்டவர்களில் 101 பேருடைய வாக்குகள் முறைகேடானவை என்று பதிவேடுகள் காட்டின.

அந்த 101 வாக்குகளைக் கழித்துவிட்டால் தீர்ந்ததே என்று தோன்றும். யார் கணக்கில் கழிப்பது? முறைகேடாக வாக்களித்தவர் யார் என்பதைப் பதிவேடு சொல்லும், யாருக்கு வாக்களித்தார் என்பதைச் சொல்லாது. அன்றைய நியூயார்க்கில் பரவலாகப் புழங்கியவை நெம்புகோல் வாக்கு எந்திரங்கள். நெம்புகோலை இழுத்தால் உள்ளே பல்சக்கரம் ஒரு எண் நகரும், அவ்வளவுதான். காகிதமோ தடயமோ மிஞ்சாது. அந்த 101 பேரையும் கூண்டில் ஏற்றிக் கேட்டாலும் அவர்கள் சொல்வது உண்மையா என்று சரிபார்க்க வழியில்லை. ரகசிய வாக்கு வாக்காளரை மிரட்டலிலிருந்து காப்பாற்றுகிறது. அதே ரகசியம் நீதிபதியின் கண்ணையும் கட்டிவிடுகிறது.

பிரிட்டன் இதற்கு ஒரு புழக்கடைக் கதவை வைத்திருக்கிறது. அங்கே ஒவ்வொரு வாக்குச்சீட்டிலும் ஓர் எண் உண்டு. எந்தச் சீட்டு எந்த வாக்காளருக்குப் போனது என்ற பட்டியல் முத்திரையிட்டுப் பத்திரமாக இருக்கும். நீதிமன்றம் உத்தரவிட்டால் அதைத் திறந்து, கள்ள ஓட்டை மட்டும் தேடிப் பிடித்து நீக்கலாம். ரகசியத்தில் இப்படி ஓர் ஓட்டை இருக்கலாமா என்ற விவாதமும் அங்கே உண்டு.

எண்ணிக்கையில்தான் பிழை என்றால் வழக்கு எளிது, திரும்ப எண்ணினால் போதும். ஹரியானாவின் பானிபட் மாவட்டத்தில் புவானா லாக்கூ என்ற ஊர். 2022 நவம்பரில் நடந்த ஊராட்சித் தலைவர் தேர்தலில் 69-ஆம் வாக்குச்சாவடிக் கணக்கு குறித்துத் தகராறு. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2025 ஆகஸ்டில் நீதிமன்ற வளாகத்துக்கே வாக்கு எந்திரங்களை வரவழைத்து, பதிவாளர் ஒருவர் முன்னிலையில் எல்லாச் சாவடி ஓட்டுகளையும் எண்ணினார்கள். மொத்தம் 3,767. தோற்றதாக அறிவிக்கப்பட்டவருக்கு 1,051, பதவியில் இருந்தவருக்கு 1,000. முடிவு தலைகீழானது. ஆனால் அதற்குள் பதவிக்காலத்தில் பாதிக்கு மேல் போயிருந்தது. ஒரு பிற்பகலில் எண்ணி முடிக்கக்கூடியதற்கு இரண்டே முக்கால் ஆண்டு! 

நியூயார்க் ஓட்டுகளை ஆயிரம் முறை எண்ணினாலும் 1,422-உம் 1,405-உம்தான் வரும். அங்கே கேட்கவேண்டிய கேள்வியே வேறு: அந்த 101 ஓட்டுகளை நீக்கினால் முடிவு மாறியிருக்க வாய்ப்பு எவ்வளவு?

கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். 101-இல் 59 வென்றவருடையவை, 42 தோற்றவருடையவை என்று வைத்துக்கொள்வோம். நீக்கினால் இருவருக்கும் 1,363, சரிசமம். ஆக, முடிவு ஆட்டம் காண வேண்டுமென்றால் 101-இல் குறைந்தது 59 வென்றவர் பக்கம் விழுந்திருக்க வேண்டும். இரு வேட்பாளர்களும் ஏறத்தாழ சரிபாதி வாங்கியிருப்பதால் சாதாரணமாக 51-ஐ எதிர்பார்க்கலாம். 51 எதிர்பார்க்கும் இடத்தில் 59 அல்லது அதற்கு மேல் வருவது கொஞ்சம் அதிகம்தான், ஆனால் நடக்காததல்ல. நிகழ்தகவுக் கணக்கு அதை ஏறக்குறைய 6 விழுக்காடு என்கிறது. நீதிமன்றம் மறுதேர்தலுக்கு உத்தரவிட்டது.

இரண்டு ஆண்டு கழித்து அதே மாநிலத்தில் இன்னொரு வழக்கு. 2,656-க்கு 2,594. வித்தியாசம் 62, முறைகேடான ஓட்டு 136. மேலோட்டமாகப் பார்த்தால் இதுவும் முந்தையதன் ஜாடைதான்: கெட்ட ஓட்டு வித்தியாசத்தைவிட இரு மடங்குக்கு மேல். ஆனால் முடிவு ஆட வேண்டுமென்றால் 136-இல் 99 வென்றவருடையதாக இருக்க வேண்டும். எதிர்பார்ப்பதோ 69. இதற்கான வாய்ப்பு பத்து லட்சத்தில் ஒன்றுகூட இல்லை. நீதிமன்றம் மறுதேர்தலை மறுத்தது.

இந்த இரண்டு தீர்ப்புகளும் வந்த பிறகு, 1973-இல் வழக்கறிஞர் மைக்கேல் ஃபிங்கல்ஸ்டீனும் கணிதவியலாளர் ஹெர்பர்ட் ராபின்ஸும் கொலம்பியா சட்ட இதழில் இதற்கொரு சூத்திரத்தை வெளியிட்டார்கள். அதைச் சுருக்கினால் ஆச்சரியப்படும் அளவுக்கு எளிமையானது. வாக்கு வித்தியாசத்தை, கெட்ட ஓட்டுகளின் வர்க்கமூலத்தால் வகுத்துப் பாருங்கள். 101-இன் வர்க்கமூலம் ஏறக்குறைய 10. வித்தியாசம் 17 அதைப்போல் ஒன்றே முக்கால் மடங்குகூட இல்லை, எனவே முடிவு ஆடக்கூடியது. 136-இன் வர்க்கமூலம் 11.7. வித்தியாசம் 62 அதைப்போல் ஐந்து மடங்கு, எனவே அசையாது.

மொத்த ஓட்டு எத்தனை என்பது இந்தக் கணக்கில் அநேகமாக வரவே இல்லை. மூவாயிரம் பேர் வாக்களித்த இடத்தில் 17 வித்தியாசமும் 101 கெட்ட ஓட்டும் இருந்தாலும், பத்து லட்சம் பேர் வாக்களித்த இடத்தில் அதே 17-உம் 101-உம் இருந்தாலும் ஐயத்தின் அளவு ஏறக்குறைய ஒன்றே. கெட்ட ஓட்டுகள் நான்கு மடங்கானால் ஆட்டம் நான்கு மடங்காவதில்லை, இரண்டு மடங்குதான் ஆகிறது. அவை இரு பக்கமும் சிதறி ஒன்றையொன்று அழித்துக்கொள்வதே காரணம். கற்பனையாக ஒரு தேர்தலை எடுத்துக்கொள்வோம்: 600 கெட்ட ஓட்டு, வித்தியாசம் 100. செய்தித்தாளில் படித்தால் ரத்து செய்யாமல் என்ன செய்வது என்றுதான் எவருக்கும் தோன்றும். ஆனால் 600-இன் வர்க்கமூலம் 24.5-தான். வித்தியாசம் அதைப்போல் நான்கு மடங்கு. முடிவு மாறியிருக்கும் வாய்ப்பு பல பத்தாயிரத்தில் ஒன்று.

இந்தக் கணக்கு ஒரே காலில் நிற்கிறது: கெட்ட ஓட்டுகள் யாருடைய ஏற்பாடும் இல்லாமல் சிதறி விழுந்தவையாக இருக்க வேண்டும். எழுத்தர் கவனக்குறைவு, பதிவேட்டுக் குழப்பம் இவற்றுக்குப் பொருந்தும். ஓர் ஆள் வீடு வீடாகப் போய்த் திரட்டிய ஓட்டுகளுக்குப் பொருந்தாது, ஏனென்றால் அவை ஒரே திசையில் போகும். மயாமி நகர மேயர் தேர்தல், 1997, அத்தகையது. நேரில் வந்து போட்ட ஓட்டுகளில் ஜோ கரோலோ பாதிக்கு மேல் பெற்றிருந்தார். நேரில் வராதோர் அனுப்பிய ஓட்டுகளைச் சேர்த்ததும் பாதிக்குக் கீழே இறங்கினார். அதனால் நடந்த அடுத்த சுற்றில் சேவியர் சுவாரெஸ் வென்றார். நேரில் வராதோர் ஓட்டுகளில் பெருமளவு மோசடி நடந்தது நிரூபணமானதும், கீழ் நீதிமன்றம் மறுதேர்தல் என்றது. மேல்முறையீட்டு நீதிமன்றமோ 1998 மார்ச்சில் அந்த வகை ஓட்டுகளை மொத்தமாகத் தள்ளிவிட்டு கரோலோவை மேயராக்கியது. கறைபட்ட குவியல் தனியாக இருந்ததால் முடிந்தது. அதில் நேர்மையாகப் போட்டவர்களின் ஓட்டும் சேர்ந்தே போனது என்பதுதான் உறுத்தல்.

கணக்கு சொல்லாத ஒன்று உண்டு: எத்தனை விழுக்காட்டுக்கு மேல் போனால் தேர்தலை ரத்து செய்யலாம்? நியூயார்க்கின் 6 விழுக்காட்டைத் திருப்பிச் சொன்னால், வென்றவர் உண்மையாகவே வென்றிருக்க 94 விழுக்காடு வாய்ப்பு. அதை ரத்து செய்தது மிகை என்றே எனக்குப் படுகிறது. மறுதேர்தல் பழைய கேள்விக்கு விடை தருவதுமில்லை. அன்றைக்கு வந்தவர்கள் இன்றைக்கு வரமாட்டார்கள், வராதவர்கள் வருவார்கள்.

அரிசோனாவின் நவஹோ மாவட்டத்தில் 1988-இல் அரசு வழக்கறிஞர் பதவிக்கான தேர்தலில் வித்தியாசம் 8, சட்டவிரோத ஓட்டு 16. முடிவு ஆட வேண்டுமானால் 16-இல் குறைந்தது 12 வென்றவர் பக்கம் விழுந்திருக்க வேண்டும். வாய்ப்பு ஏறக்குறைய 4 விழுக்காடு. அங்கே உச்ச நீதிமன்றம், வேட்பாளர்கள் பெற்ற விகிதப்படியே கெட்ட ஓட்டுகளைப் பங்கிட்டுக் கழிக்கச் சொன்னது. கழித்த பிறகும் முன்னால் இருந்தவரே முன்னால் இருந்தார், முடிவு நின்றது. நியூயார்க்கில் 6 விழுக்காட்டுக்கு மறுதேர்தல், அரிசோனாவில் 4 விழுக்காட்டுக்குப் பதவி நிலைத்தது. கோடு எங்கே விழவேண்டும் என்பதில் நீதிமன்றங்கள் ஒரே பதிலைச் சொல்லவில்லை.