திங்க்பேட்

திங்க்பேட் என்பது வணிக நிறுவனங்களின் தேவைகளை முதன்மையாகக் கருத்திற்கொண்டு வடிவமைக்கப்படும் மடிக்கணினி வரிசை ஆகும். அமெரிக்காவின் ஐபிஎம் நிறுவனம் இதனை 1992 ஆம் ஆண்டில் அறிமுகப்படுத்தியது. 2005 ஆம் ஆண்டு முதல் சீனாவில் தோன்றிய லெனோவோ நிறுவனம் இதனைத் தயாரித்து வருகின்றது. கறுப்பு நிறம், பெட்டி போன்ற எளிய வடிவம், விசைப்பலகையின் நடுவிலுள்ள சிவப்புக் குமிழ் ஆகியன இதன் அடையாளங்கள்.

புதிய திங்க்பேட் ஒன்றை முதன்முறையாகக் கையில் எடுப்பவருக்கு அது கவர்ச்சியற்ற பொருளாகவே தோன்றக்கூடும். அதன் விலைக்குப் பளபளப்பான உலோக உடல் கொண்ட வேறு கணினிகள் கிடைக்கும். இதன் சிறப்புகளுள் பல கடையில் பார்க்கும்போது கண்ணில் படாதவை. விசைகள் விரலுக்குத் தரும் எதிர்விசை, கீல்களின் உறுதி, பழுதுற்ற பாகத்தை மட்டும் மாற்றக்கூடிய அமைப்பு போன்றவை நாட்பட்ட பயன்பாட்டிலேயே தெரியவரும்.

வணிக வகை மடிக்கணினி

வீட்டுப் பயன்பாட்டுக்கான மடிக்கணினியை வாங்குபவரும் பயன்படுத்துபவரும் பெரும்பாலும் ஒருவரே. வணிக வகையில் அவ்வாறன்று. ஒரு நிறுவனம் நூற்றுக்கணக்கில் கணினிகளை வாங்கி ஊழியர்களுக்கு வழங்குகின்றது. பழுதுபார்க்கும் பொறுப்பு அந்நிறுவனத்தின் கணினிப் பிரிவைச் சேர்கின்றது. எனவே அழகைவிட, உதிரிப்பாகங்கள் தொடர்ந்து கிடைப்பதும், ஒரே மாதிரி நீண்ட காலம் விற்பனையில் இருப்பதும், பாதுகாப்பு வசதிகளும் முக்கியமாகின்றன. திங்க்பேடைப் படிப்படியாகக் கழற்றிப் பூட்டும் முறையை விளக்கும் பராமரிப்புக் கையேடுகள் எவரும் பதிவிறக்கும் வண்ணம் வெளியிடப்பட்டு வருவது இதனாலேயே ஆகும்.

பெயரும் முதல் மாதிரியும்

"சிந்தி" என்னும் பொருள்தரும் "திங்க்" என்ற ஒற்றைச் சொல் ஐபிஎம் நிறுவனத்தின் நெடுநாளைய முழக்கமாகும். நிறுவனத்தை வளர்த்தெடுத்த தாமஸ் வாட்சன் இதனை வழக்கத்துக்குக் கொண்டுவந்தார். இச்சொல் பொறித்த சிறு குறிப்பேடுகள் ஊழியர்களுக்கு வழங்கப்பட்டன. கணினியின் பெயர் அக்குறிப்பேட்டிலிருந்தே பெறப்பட்டது.

1992 ஆம் ஆண்டு ஏப்ரலில் இப்பெயருடன் முதலில் அறிவிக்கப்பட்டது எழுதுகோலால் இயக்கப்படும் பலகைக் கணினி ஆகும். மடிக்கணினியான 700சி அதே ஆண்டு அக்டோபரில் வெளிவந்தது. 10.4 அங்குல வண்ணத்திரை, 25 மெகாஹேர்ட்சு வேகச் செயலி, 120 மெகாபைட்டு வன்தட்டு ஆகியவற்றைக் கொண்டிருந்த இதன் விலை 4,350 அமெரிக்க டாலர்கள். மடிக்கணினிகளுள் பல கறுப்பு வெள்ளைத் திரையுடன் விற்கப்பட்ட அக்காலத்தில் இதன் திரை பெரிதும் பேசப்பட்டது.

பொறியியல் பணிகள் ஜப்பானிலுள்ள யமாட்டோ ஆய்வுகூடத்தில் அரிமாசா நைட்டோ என்பவரின் தலைமையில் நடைபெற்றன. புறவடிவத்தை இத்தாலியின் மிலான் நகரில் வாழ்ந்த ஜெர்மானிய வடிவமைப்பாளர் ரிச்சர்ட் சாப்பர் வகுத்தார். ஜப்பானியர் உணவு வைக்கும் பென்டோ என்னும் அரக்குப் பூச்சுப் பெட்டி அவருக்கு முன்மாதிரியாக அமைந்தது. மூடியிருக்கும்போது எதையும் காட்டாத கறுப்புப் பெட்டி, திறந்தால்தான் உள்ளிருப்பது தெரியும் என்பது அவரது கருத்து. கணினிகள் பெரும்பாலும் சாம்பல், வெளிர் பழுப்பு நிறங்களில் வெளிவந்த காலத்தில் இது துணிவான முடிவே. சாப்பர் 2015 ஆம் ஆண்டில் காலமானார். அவரது அடிப்படை வடிவம் இன்னும் கைவிடப்படவில்லை.

சிவப்புக் குமிழ்

ஜி, எச், பி ஆகிய மூன்று விசைகளுக்கு இடையே இருக்கும் சிறு குமிழ் டிராக்பாயிண்ட் எனப்படுகின்றது. ஐபிஎம் ஆய்வாளரான டெட் செல்கர் இதனை உருவாக்கினார். விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துச் சுட்டிக்குக் கொண்டுசெல்ல ஏறத்தாழ முக்கால் நொடியும், திரும்பி வர அதே அளவு நேரமும் ஆகின்றது என்ற ஆய்வுத் தகவலே இதற்குத் தூண்டுகோல் ஆயிற்று. கை நகராமலேயே திரைக்குறியை நகர்த்த முடிந்தால் அந்நேரம் மிச்சமாகும் அல்லவா?

குமிழ் உண்மையில் அசைவதில்லை எனலாம். அதன் அடியிலுள்ள உணரிகள் விரல் தரும் விசையை அளக்கின்றன. அவ்விசை திரைக்குறியின் வேகமாக மாற்றப்படுகின்றது. இம்மாற்றம் நேர்விகிதத்தில் அமைவதில்லை. மெல்ல அழுத்தும்போது நுண்ணிய கட்டுப்பாடு கிடைக்கும் வகையிலும், பலமாக அழுத்தினாலும் கண் பின்தொடர முடியாத வேகத்தை எட்டாத வகையிலும் அது வகுக்கப்பட்டுள்ளது. சுட்டிக்குப் பழகியவர் முதல் நாளில் இதனைக் கொண்டு திரைக்குறியை இலக்கில் நிறுத்தத் தடுமாறுவது இயல்பு. சில வேளைகளில் விரலை எடுத்த பின்னரும் திரைக்குறி தானே நகரும். இது பழுது அன்று. சில நொடிகள் தொடாமல் விட்டால் கருவி தன்னைச் சரிசெய்துகொள்ளும்.

சிவப்பு நிறத்தை அவசரகால மின்துண்டிப்பு ஆளிகளுக்கு மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்ற விதி ஐபிஎம்மில் இருந்தது. அதனால் வடிவமைப்புக் குழு ஆவணங்களில் குமிழின் நிறத்தைக் கருஞ்சிவப்பு ஊதா என்று குறித்துச் சமாளித்ததாக அக்குழுவினர் பின்னாளில் கூறியுள்ளனர்.

குறிப்பிடத்தக்க மாதிரிகள்

1993 டிசம்பரில் ஹபிள் விண்வெளித் தொலைநோக்கியைப் பழுதுபார்க்கச் சென்ற எண்டெவர் விண்ணோடத்தில் 750சி மாதிரி எடுத்துச்செல்லப்பட்டது. பின்னர் பன்னாட்டு விண்வெளி நிலையத்திலும் திங்க்பேடுகள் பயன்பட்டன.

1995 ஆம் ஆண்டின் 701சி மாதிரியில் விசைப்பலகை இரு துண்டுகளாக இருந்தது. மூடியைத் திறக்கும்போது துண்டுகள் நகர்ந்து பொருந்தி, கணினியின் அகலத்தையும் மீறி இருபுறமும் நீண்டன. ஜான் கரிடிஸ் வடிவமைத்த இது பட்டாம்பூச்சி விசைப்பலகை என அழைக்கப்பட்டது. நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தின் சேகரிப்பிலும் இடம்பெற்றுள்ளது. எனினும், அகலமான திரைகள் வந்ததும் இதன் தேவை இல்லாமற்போயிற்று. 2003 ஆம் ஆண்டில், கணினி கீழே விழுவதை உணர்ந்து வன்தட்டின் படிமுனையை ஒதுக்கிக் காக்கும் வசதி சேர்க்கப்பட்டது.

கைமாற்றம்

ஐபிஎம் தனது தனியாள் கணினிப் பிரிவை லெனோவோவுக்கு விற்கும் முடிவை 2004 டிசம்பரில் அறிவித்தது. விற்பனை 2005 மே மாதத்தில் நிறைவுற்றது. தரம் குன்றிவிடும் என்ற ஐயம் அப்போது பரவலாக இருந்தது. 2006 ஆம் ஆண்டில் அமெரிக்க வெளியுறவுத் துறை, தான் வாங்கிய லெனோவோ கணினிகளை இரகசிய வலையமைப்புகளில் பயன்படுத்துவதில்லை என முடிவு செய்தது. ஆயினும் யமாட்டோ குழுவினர் பணியைத் தொடர்ந்தமையால் உடனடி மாற்றம் எதுவும் தெரியவில்லை. பயனர்களின் மனக்குறை வேறொரு திசையிலிருந்து வந்தது.

விசைப்பலகைச் சர்ச்சை

நீண்ட காலம் திங்க்பேடுகளில் ஏழு வரிசை விசைப்பலகையே இருந்தது. 2012 ஆம் ஆண்டில் அது ஆறு வரிசையாகக் குறைக்கப்பட்டு, விசைகளும் தனித்தனித் தீவுகள் போல் அமைக்கப்பட்டன. அடுத்த ஆண்டின் டி440 மாதிரியில் குமிழுக்குரிய தனிப் பொத்தான்கள் நீக்கப்பட்டுத் தொடுபலகையுடன் இணைக்கப்பட்டன. 2014 ஆம் ஆண்டின் எக்ஸ்1 கார்பன் மாதிரியில் மேல்வரிசை விசைகளுக்குப் பதிலாகத் தொடுபட்டை ஒன்று வைக்கப்பட்டது. பார்வைக்கு இவை புதுமையாக இருந்தன. ஆனால் பாராமலே தட்டெழுதுபவருக்கு விரல் நுனியில் உணரக்கூடிய விசையே வழிகாட்டி. தட்டையான பரப்பு அதைத் தருவதில்லை.

பயனர்களின் எதிர்ப்பைத் தொடர்ந்து 2015 ஆம் ஆண்டின் மாதிரிகளில் தனிப் பொத்தான்களும் மேல்வரிசை விசைகளும் திரும்பி வந்தன. 2017 ஆம் ஆண்டில் 25 ஆண்டு நிறைவையொட்டி, ஏழு வரிசை விசைப்பலகையுடன் கூடிய சிறப்பு மாதிரி ஒன்று குறைந்த எண்ணிக்கையில் வெளியிடப்பட்டது.

புதிய பயனரை மிகவும் குழப்பியது இடப்பக்கக் கீழ்மூலையாகும். பிற கணினிகளில் கன்ட்ரோல் விசை இருக்கும் அவ்விடத்தில் திங்க்பேடில் எஃப்என் விசை இருந்தது. நகலெடுக்க முயன்றவருக்கு ஒன்றும் நிகழாது. 2024 ஆம் ஆண்டு மாதிரிகளில்தான் இவ்விரு விசைகளும் இடம் மாற்றப்பட்டன. இம்முறை குழம்பியவர்கள் பழைய பயனர்கள்!

பழைய கணினிகளும் பழுதுபார்ப்பும்

நிறுவனங்கள் பொதுவாகச் சில ஆண்டுகளில் கணினிகளை மாற்றுவதால், பயன்படுத்தப்பட்ட திங்க்பேடுகள் சந்தைக்குப் பெருமளவில் வருகின்றன. மாணவர்களும் லினக்ஸ் பயனர்களும் இவற்றை விரும்பி வாங்குகின்றனர். பழைய எக்ஸ்60, எக்ஸ்200 ஆகியவற்றில் தொடக்க மென்பொருளைக் கூடக் கட்டற்ற மென்பொருளாக மாற்ற முடியும். அவ்வாறு மாற்றி விற்கப்பட்ட எக்ஸ்60, 2013 ஆம் ஆண்டில் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் சான்றிதழைப் பெற்றது.

எனினும் எல்லாத் திங்க்பேடுகளும் எளிதில் பழுதுபார்க்கத்தக்கவை அல்ல. பல பழைய மாதிரிகள், நிறுவனத்தின் பட்டியலில் இல்லாத கம்பியில்லா வலை அட்டையைப் பொருத்தினால் இயங்க மறுத்தன. மெல்லிய எக்ஸ்1 கார்பனில் நினைவகம் தாய்ப்பலகையுடன் பற்றவைக்கப்பட்டுள்ளது. வாங்கும்போது உள்ள அளவே இறுதிவரை. கழற்றக்கூடிய வெளி மின்கலமும் படிப்படியாக மறைந்தது. 2024 ஆம் ஆண்டின் டி14 மாதிரி, பழுதுபார்ப்பு வழிகாட்டிகளை வெளியிடும் ஐஃபிக்சிட் நிறுவனத்துடன் இணைந்து வடிவமைக்கப்பட்டது. அதில் நினைவகத்துக்கு இரு செருகுவாய்கள் உள்ளன. மின்கலத்தையும் விசைப்பலகையையும் தனித்தனியே மாற்றலாம். வாங்க விரும்புபவர் திங்க்பேட் என்ற பெயரை மட்டும் பாராது, அந்தந்த மாதிரியின் பராமரிப்புக் கையேட்டைப் பதிவிறக்கி, எப்பாகங்கள் கழற்றத்தக்கவை எனப் பார்த்துக்கொள்ளலாம்.