கிறுக்கல் இல்லை, அது பிள்ளையின் பேச்சு



"சுவரெல்லாம் கிறுக்கி வச்சிருக்கான் மேடம், அடிச்சாலும் கேக்க மாட்டேங்கிறான்" என்று குழுக் கூட்டங்களில் தாய்மார்கள் சொல்வதை நாங்கள் அடிக்கடி கேட்கிறோம். இந்த மாதம் அந்தக் கிறுக்கலைப் பற்றித்தான் பேசப்போகிறோம்.

நமக்கு மனசு கஷ்டமா இருந்தால் பக்கத்து வீட்டு அக்காவிடம் சொல்லி ஆற்றிக்கொள்கிறோம். நான்கு வயசுப் பிள்ளைக்கும் பயம், பொறாமை, ஏக்கம் எல்லாம் உண்டு. சொல்லத்தான் வார்த்தை போதாது. ஆனால் ஒன்றரை, இரண்டு வயதிலேயே கை கோடு இழுக்கத் தொடங்கிவிடுகிறது.

ஆள், மரம், வீடு என்று வரையாமல் கோடு, வடிவம், நிறம் இவற்றாலேயே மனதைச் சொல்வதை அரூப ஓவியம் என்பார்கள். 1866-ல் மாஸ்கோவில் பிறந்த காண்டின்ஸ்கி இதில் பெயர் பெற்றவர். நமக்கும் இது புதுசு இல்லை. சிக்குக் கோலத்தில் புள்ளியும் கோடும்தானே இருக்கு? துக்க வீட்டு வாசலில் கோலம் இல்லாததே சேதி சொல்லிவிடுகிறது அல்லவா?

ஒரு கிராமத்தில் பிள்ளைகளிடம், "வீட்டுல உள்ள ஒவ்வொருத்தருக்கும் ஒரு வட்டம் போடுங்க" என்றோம். ஒரு சிறுமி தனக்கும் ஆயாவுக்கும் ஒட்டி ஒட்டி வட்டம் போட்டாள். அம்மாவின் வட்டம் தாளின் மூலையில் இருந்தது. "அம்மா ஏன் அங்கே?" என்றோம். "அம்மா வேலைக்குப் போயிருக்கு. வந்தா தூங்கிரும்" என்றாள். அந்த அம்மா நம் குழு உறுப்பினர்தான். கண் கலங்கிவிட்டார். அவர் மேல் குற்றம் இல்லை. தவணை கட்ட உழைக்கிறார். அன்றிலிருந்து படுக்கும் முன் பத்து நிமிஷம் மகளை மடியில் வைத்துப் பேசுகிறார்.

வீட்டில் செய்து பாருங்கள்:

1. பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் போதும். கரித்துண்டு, மஞ்சள், செங்கல் பொடி, சாக்பீஸ் எடுத்துக்கொள்ளுங்கள்.

2. "கோபம் வந்தா கோடு எப்படி ஓடும்? சந்தோஷம்னா எப்படி?" என்று கேட்டு வரையச் சொல்லுங்கள். நீங்களும் கூட உட்கார்ந்து வரையுங்கள்.

3. பிறகு வீட்டு ஆட்களுக்கு வட்டம். யார் பெரிசு, யார் பக்கத்தில் என்பது பிள்ளையின் இஷ்டம்.

4. "இது என்ன கண்றாவி?" என்று கேட்காதீர்கள். "இதைப் பத்திச் சொல்லு கண்ணு" என்று கேளுங்கள். திருத்தாதீர்கள், மார்க் போடாதீர்கள், அடுத்த பிள்ளையோடு ஒப்பிடாதீர்கள்.

ஒரு எச்சரிக்கை. ஒரு படத்தை வைத்து நாமே முடிவு கட்டக் கூடாது. கறுப்பா வரைந்தால் சோகம் என்று அர்த்தமில்லை. கையில் கரித்துண்டுதான் கிடைத்திருக்கும்! படம் பேச்சைத் தொடங்கி வைக்கும், அவ்வளவுதான். பிள்ளை சொன்னதை ஊரெல்லாம் சொல்லிச் சிரிக்காதீர்கள். அப்புறம் அது வாய் திறக்காது. யாரையாவது கண்டு பயப்படுவதாகவோ, யாரோ துன்புறுத்துவதாகவோ சொன்னால் அலட்சியம் வேண்டாம். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்குப் பேசுங்கள். கட்டணம் கிடையாது.

சேமிப்புப் பணத்தை வாராவாரம் எண்ணிப் பார்க்கிறோம். பிள்ளையின் மனசையும் வாரம் ஒருமுறை பார்ப்போமே! அடுத்த கூட்டத்துக்கு வரும்போது உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள், கேட்கக் காத்திருக்கிறோம்.