டிராக்டர் ஸ்டார்ட் ஆகவில்லையா? மறுபடி சாவியைத் திருப்பும் முன்...

நவரைக்குச் சேற்றுழவு ஓட்ட வயலில் தண்ணீர் கட்டியாகிவிட்டது. நாளை நடவுக்கு ஆள் வரும். சாவியைத் திருப்பினால் டிராக்டர் ஸ்டார்ட் ஆகவில்லை. பொன்னேரியிலிருந்தோ கும்மிடிப்பூண்டியிலிருந்தோ மெக்கானிக் வந்து சேர்வதற்குள் நீங்களே பார்க்கக் கூடியவை உண்டு.

முதலில் சத்தத்தைக் கவனியுங்கள். 'டக்' என்று நின்றுவிட்டாலோ, முனகிக்கொண்டு மெதுவாகச் சுற்றினாலோ பேட்டரியைப் பாருங்கள். டெர்மினலில் உப்பு பூத்திருக்கும். பழவேற்காடு பக்கம் கடல் காற்றும் சேர்ந்துகொள்ளும். நெகட்டிவ் ஒயரை முதலில் கழற்றி, வெந்நீரால் சுத்தம் செய்து, இறுக்கிப் பூட்டி வாசலின் தடவுங்கள். சத்தமே வராவிட்டால், கிளட்சை முழுவதும் மிதித்தீர்களா, கியரும் பி.டி.ஓ. லீவரும் நியூட்ரலில் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

செல்ஃப் நன்றாகச் சுற்றியும் இன்ஜின் பிடிக்கவில்லையா? ஸ்டாப் நாப் வெளியே இழுத்தபடி இருக்கிறதா பாருங்கள். சிரிக்காதீர்கள், அனுபவமுள்ளவர்களும் மறப்பது இது. பிறகு சைலன்சரைப் பாருங்கள். வெள்ளைப் புகை வந்தால் டீசல் போகிறது, எரியவில்லை என்று பொருள். ஏர் கிளீனர் அடைப்பைப் பார்த்துவிட்டு மெக்கானிக்கை அழையுங்கள். புகையே இல்லையென்றால் டீசல் போகவில்லை.

டேங்க் வற்றும்வரை ஓட்டியிருந்தாலோ, ஃபில்டர் மாற்றியிருந்தாலோ குழாயில் ஏர் பிடித்திருக்கும். டேங்கில் டீசல் ஊற்றி, ஃபில்டரின் மேலுள்ள ஏர் ஸ்க்ரூவைச் சற்றுத் தளர்த்தி, ஹேண்ட் பிரைமரை அழுத்துங்கள். நுரை நின்று சுத்தமான டீசல் வந்ததும், அழுத்திக்கொண்டே ஸ்க்ரூவை இறுக்குங்கள். அதன் பிறகு பம்பிலுள்ள ஸ்க்ரூவிலும் இப்படியே செய்யுங்கள். சி.ஆர்.டி.ஐ. வகை டிராக்டரில் எந்தக் குழாய் நட்டையும் தொட வேண்டாம். உயர் அழுத்தத்தில் பீறிடும் டீசல் தோலைத் துளைத்துவிடும்.

எதுவானாலும் செல்ஃபை ஒரு தடவைக்கு 10 விநாடிக்கு மேல் அடிக்காதீர்கள். ஒரு நிமிடம் இடைவெளி விடுங்கள். இல்லாவிட்டால் பேட்டரியோடு ஸ்டார்ட்டர் மோட்டாரும் போய்விடும்.

இதுவரை சொன்னது தண்ணீரில் மூழ்காத வண்டிக்கு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை நம் மாவட்டத்து வயல்களை மூழ்கடித்தது நினைவிருக்கும். அப்படி வெள்ளத்தில் நின்ற டிராக்டரை 'ஒரு தடவை அடித்துப் பார்ப்போம்' என்று சாவியைத் தொடாதீர்கள். ஏர் கிளீனர், சைலன்சர் வழியே சிலிண்டருக்குள் தண்ணீர் போயிருக்கலாம். காற்று அழுந்தும், தண்ணீர் அழுந்தாது. பிஸ்டன் மேலே வரும்போது கனெக்டிங் ராடு வளைந்துவிடும். சில ஆயிரத்தில் முடிய வேண்டிய வேலை இன்ஜினையே பிரிக்கும் செலவாகிவிடும். பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டு ஆயில் குச்சியை உருவிப் பாருங்கள். ஆயில் பால் கலந்த காபி நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது. இல்லாவிட்டாலும் மெக்கானிக் நாசிலைக் கழற்றி, தண்ணீரை வெளியேற்றி, ஆயிலும் ஃபில்டரும் மாற்றிய பிறகே ஸ்டார்ட் செய்ய வேண்டும்.

அதுவரை உழவு நிற்க வேண்டியதில்லை. வேளாண்மைப் பொறியியல் துறையின் டிராக்டரை உழவன் செயலி வழியே வாடகைக்குப் பதிவு செய்யலாம்.