விஞ்ஞானக் கல்விக்கு மானியம் வேண்டும் முறை

கல்வியை 1945 இல் இலவசமாக்கிய இந்நாடு, உயர்தர வகுப்பில் தொழினுட்பப் பிரிவை 2013 இல் தொடங்கியது; 1,000 இடைநிலைப் பாடசாலைகளில் மகிந்தோதய ஆய்கூடங்களை அமைக்கவும் முற்பட்டது. எனினும், சிற்றூர்ப் பாடசாலைகள் பல இன்றும் பிறரிடம் மானியம் வேண்டியே விஞ்ஞானம் வளர்க்கின்றன. ஆதலின் விண்ணப்பம் வரையும் முறையை ஆசிரியர் அறிந்திருத்தல் இன்றியமையாதது.

விண்ணப்பத்தின் தொடக்கம் பொருட்பட்டியலன்று, மாணாக்கரின் குறைபாடே. 'நுணுக்குக்காட்டி வேண்டும்' என்பது பட்டியல். 'பத்தாந் தர மாணாக்கர் கலத்தைப் படத்திலன்றிக் கண்டிலர்' என்பது காரணம்.

அடுத்து, கேட்கும் பொருள் ஊரோடு பொருந்துதல் வேண்டும். மகாவலியின் கிளையாகிய வெருகலாறு கடலொடு கலக்கும் எம்மூரில், ஆற்றுநீரின் உவர்ப்பைத் திங்கள்தோறும் அளந்து வரைபு வரையும் மாணாக்கன் இரசாயனம், கணிதம், புவியியல் மூன்றையும் ஒருங்கே கற்பான். செலவோ சிறிது, பயனைக் கணக்கிட்டுக் காட்டலும் எளிது.

மூன்றாவது செலவுக் கணக்கு. கருவியின் விலையை மட்டும் எழுதுதல் போதாது. உடைந்த சோதனைக்குழாய்க்கு மாற்று, இரசாயனப் பொருள், ஆசிரியப் பயிற்சி, வெள்ளம் எட்டாத உயரத்தில் அலுமாரி ஆகியனவும் அதில் இடம்பெறல் வேண்டும். யான் முதன்முதல் வரைந்த விண்ணப்பம் இவற்றை மறந்தது. கருவிகள் வந்தன, இரசாயனப் பொருள் தீர்ந்ததும் மீண்டும் பெட்டிக்குள் புகுந்தன. அவ்வாண்டு மாணாக்கர்க்கு நேர்ந்த இழப்பை எக்கணக்கில் எழுதுவது?

மானியம் பெறுதல் முடிவன்று. விண்ணப்பம் என்பது, கொடுப்போர்க்கும் மாணாக்கர்க்கும் நாம் எழுதிக்கொடுக்கும் வாக்கு என்க.