சுதேசி மண்ணில் விதேசிப் புட்டி

மேனாட்டுப் பத்திரிகைகளில் ஒரு வழக்கம் உண்டு. எழுத்தாளர் ஒருவர் மாலை வேளையில் மதுச்சாலை மதுச்சாலையாக ஏறி இறங்கி, எங்கே பீர் நன்றாயிருக்கிறது, எங்கே கணப்புக்கருகில் உட்கார இடமிருக்கிறது, எங்கே உபசாரம் அன்பாயிருக்கிறது என்று வாசகர்களுக்குத் தெரிவிப்பார். ஜார்ஜ் ஆர்வெல் என்னும் ஆங்கில ஆசிரியர் 1946-ஆம் வருஷம் லண்டன் மாலைப் பத்திரிகையொன்றில் தமக்கு உகந்த மதுச்சாலையை வெகு ரசமாக வர்ணித்துவிட்டு, அப்படி ஒன்று உலகத்தில் இல்லை என்று கடைசியில் ஒப்புக்கொண்டார். நாம் பார்வையிட்ட மதுக்கடைகளோ உண்மையாகவே இருக்கின்றன. அதுதான் சங்கடம்.

பாலவனத்தம் விருதுநகருக்கும் அருப்புக்கோட்டைக்கும் இடையில் உள்ள ஊர். வானம் பார்த்த பூமி. மழை பெய்தால் பருத்தி. பெய்யாவிட்டால் சீமைக்கருவேலமரத்தை வெட்டிக் கரிமூட்டம் போட வேண்டியதுதான். கண்மாய்க் கரைதோறும் பனைகள் நிற்கின்றன. ஒரு சனிக்கிழமை பிற்பகல் விருதுநகரிலிருந்து புறப்பட்டு, இவ்வூர் வழியாகத் திருச்சுழிப் பக்கம் வரை சென்று, நான்கு கடைகளைக் கண்டோம். எந்தக் கடை எந்த ஊரில் என்று சொல்லப் போவதில்லை. நான்கும் ஓர் அச்சில் வார்த்தவை. நாம் மது அருந்தும் வழக்கமுடையோமல்லோம் என்பதை நேயர்கள் அறிவார்கள். ஆகையால் சரக்கின் ருசியைப் பற்றி எம்மிடம் தீர்ப்பு எதிர்பார்க்க வேண்டாம். குடித்தவர்களும் ருசியைப் பற்றி எம்மிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

கடை சாலையோரத்தில் இருக்குமென்று எண்ணிப் போனவர்கள் ஏமாறுவார்கள். நெடுஞ்சாலைகளிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாதென்று சுப்ரீம் கோர்ட்டு 2016 டிசம்பரில் தீர்ப்பளித்தது. சிற்றூர்களுக்கு அத்தூரம் 2017 மார்ச்சில் 220 மீட்டராகக் குறைக்கப்பட்டது. சாலையில் போகிறவர்களின் உயிரைக் காப்பது தீர்ப்பின் நோக்கம். அதை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் சாலையை விட்ட கடை எங்கே போகும்? ஊருக்குள்ளும் காட்டுக்குள்ளும் போயிற்று. அவ்வருஷக் கோடையில் தமிழ்நாடெங்கும் பெண்கள் கடை வாசலில் உட்கார்ந்து மறியல் செய்ததற்குக் காரணம் இதுவே.

வழி கேட்க வேண்டிய அவசியம் எமக்கு நேரவில்லை. காலித் தண்ணீர்ப் பாக்கெட்டும், நசுங்கிய பிளாஸ்டிக் டம்ளரும், உடைந்த கண்ணாடியும் பாதையைக் காட்டின. கடை என்பது ஓர் அறை. அதன் முகப்பில் இரும்புக் கம்பி வலை. வலையில் கை நுழையுமளவு ஒரு துவாரம். பணம் உள்ளே போகிறது, புட்டி வெளியே வருகிறது. விற்பவர் முகத்தை வாங்குகிறவர் பார்ப்பதில்லை. வாங்குகிறவர் முகத்தை விற்பவரும் பார்ப்பதில்லை. ஜெயிலில் கைதிக்குச் சோறு கொடுக்கும் முறை எமக்கு ஞாபகம் வந்தது.

பின்புறம் தகரக் கொட்டகை ஒன்று. இதற்குப் பெயர் ‘பார்’. தின்பண்டம் விற்கவும் காலிப் புட்டிகளைச் சேகரிக்கவும் டெண்டர் எடுத்தவர் நடத்துவது. அவித்த முட்டை, சுண்டல், ஊறுகாய்ப் பொட்டலம், ஈ. உட்காருவதற்குச் சில நாற்காலிகள் இருந்தன. பெரும்பாலோர் நின்றுகொண்டே காரியத்தை முடித்தார்கள். அதை நம் கடிகாரத்தைப் பார்த்துக் கணக்கிட்டோம். கரிமூட்டத்து வேலையிலிருந்து நேரே வந்தவர் போலும், கையும் கழுத்தும் கருத்த ஒரு மனிதர், 180 மில்லி புட்டியைத் திறந்து, தண்ணீர் கலந்து, விழுங்கி, உதட்டில் ஊறுகாய் தடவி வெளியேற நான்கு நிமிஷம்கூட ஆகவில்லை. ஒரு கோப்பை டீயை இதைவிட நிதானமாகக் குடிப்பார்கள்.

இன்னொரு காட்சி. கையில் போதிய பணமில்லாத ஒருவர் கடை வாசலில் நின்று, அதே நிலையிலுள்ள இன்னொருவரைத் தேடுகிறார். இருவரும் சேர்ந்து ஒரு குவார்ட்டர் வாங்கி, சரிபாதி ஊற்றிக்கொண்டு பிரிகிறார்கள். ‘கட்டிங்’ என்று இதற்குப் பெயர். பங்காளியின் பெயரைக்கூட ஒருவர் மற்றவரிடம் கேட்கவில்லை. ஆங்கில நாட்டு மதுச்சாலையை ஆதரிப்பவர்கள், அது ஊரார் கூடிப் பேசும் சத்திரம் என்று வாதிப்பதுண்டு. அந்தச் சமாதானத்தைக்கூட நம் கடைகளுக்குச் சொல்ல வழியில்லை.

புட்டியின் மேல் உள்ள சீட்டைப் படித்துப் பார்த்தோம். பிராந்தி என்றிருந்தது. இந்த வகைக்குச் சட்டத்திலும் வியாபாரத்திலும் வழங்கும் பெயர் ‘இந்தியாவில் தயாரான அந்நிய மதுபானம்’ என்பது. சுதேசியாகச் செய்த விதேசி! நம் நாட்டில் இவ்விதப் பிராந்தியும் விஸ்கியும் பெரும்பாலும் சர்க்கரை ஆலையின் கழிவுப்பாகிலிருந்து இறக்கிய சாராயத்தில் நிறமும் மணமும் சேர்த்துச் செய்யப்படுபவை. நூற்றுக்கு 42.8 பங்கு சாராயம். திராட்சைத் தோட்டத்தையே காணாத பிராந்தியைக் கரிசல்காட்டு உழவன், அந்நியப் பெயருக்கும் சேர்த்து விலை கொடுத்து வாங்குகிறான்.

இதைப் பாலவனத்தத்தில் நின்று நினைப்பது மிகவும் கசப்பாயிருக்கிறது. இவ்வூர் ஜமீன்தாராயிருந்த பாண்டித்துரைத் தேவர் 1901-ஆம் வருஷம் மதுரையில் நான்காம் தமிழ்ச் சங்கத்தை நிறுவியவர். வ.உ. சிதம்பரம் பிள்ளை 1906-இல் சுதேசிக் கப்பல் கம்பெனியை ஆரம்பித்தபோது அதன் தலைவராக முன்வந்தவரும் அவரே. அந்நியன் கப்பலுக்கு எதிராக வாணிபம் செய்யப் பணமும் பெயரும் கொடுத்த ஊர் இது. இன்று இச்சாலையில் சர்க்கார் நேரில் நடத்தும் வியாபாரம் எது என்று பார்த்தால், அது தமிழ்நாடு மாநில வாணிபக் கழகத்தின் வியாபாரம். ஜனங்கள் டாஸ்மாக் என்கிறார்கள்.

திரும்பும் வழியில் கண்மாய்க் கரையில் பனையேறும் முதியவர் ஒருவரைச் சந்தித்தோம். “இந்த மரத்துப் பாளையில் வடிவது ஒன்றுதான் ஐயா. கலயத்தில் சுண்ணாம்பு தடவினால் பதநீர், தடவாவிட்டால் கேஸ்” என்றார். 1987 ஜனவரி முதல் கள்ளுக்குத் தடை. ஐந்தாறு பங்கு சாராயம் உள்ள கள் குற்றம். நாற்பத்திரண்டு பங்கு உள்ளது அரசாங்க வருமானம். கள்ளுக்கு வக்காலத்து வாங்க நாம் வரவில்லை. 1921-இல் ஈரோட்டில் நாகம்மையாரும் கண்ணம்மாளும் மறியல் செய்தது கள்ளுக்கடைகளின் முன்புதான். கள் குடித்துக் குடும்பம் கெட்ட கதைகள் அநேகம். ஆனால் இரண்டையும் விலக்குவது தர்மம். ஏழையின் சரக்கை விலக்கி ஆலையின் சரக்கை விற்பதற்கு வேறு பெயர் உண்டு. அம்முதியவர் கருப்பட்டி காய்ச்சிப் பிழைக்கிறார். மகன் மரம் ஏறுவதில்லையாம். சாயங்காலத்தில் எங்கே போகிறான் என்று நாம் கேட்கவில்லை.

வருமானம் என்றோம். 2023-24-இல் மதுவினால் சர்க்காருக்குக் கிடைத்தது 45,000 கோடி ரூபாய்க்கு மேல். இதை விட்டால் ராஜ்யத்தை எப்படி நடத்துவது என்று மந்திரிகள் கேட்பது இன்று புதிதல்ல. ராஜாஜி 1937 அக்டோபர் முதல் தேதி சேலம் ஜில்லாவில் மதுவிலக்கைத் தொடங்கியபோதும் இதே கேள்வி எழுந்தது. மது வருமானம் குறைந்ததை ஈடு செய்யவே 1939-இல் விற்பனை வரி விதிக்கப்பட்டது. 1948 காந்தி ஜயந்தியன்று மாகாணம் முழுவதும் மதுவிலக்கு வந்தது. 1971-இல் அது தளர்ந்தது. 1974-இல் திரும்பி வந்தது. 1981-இல் மறுபடி போயிற்று. 1983-இல் வாணிபக் கழகம் மொத்த வியாபாரத்தை எடுத்துக்கொண்டது. 2003-இல் சில்லறைக் கடைகளையும் சர்க்காரே நடத்தத் தொடங்கிற்று. இத்தனை மாறுதலிலும் விற்பனை வரி மாத்திரம் ஒரு நாளும் ஊரைவிட்டுப் போகவில்லை. பெயர் மாற்றிக்கொண்டு இன்றும் பற்பல பொருள்களின் மேல் உட்கார்ந்திருக்கிறது. மதுவை ஒழிப்பதற்காகக் கொடுத்த வரியையும் கொடுத்து, மதுவுக்கும் பணம் கொடுக்கிறார்கள் நம் ஜனங்கள். இந்தக் கணக்கை எந்தப் பட்ஜெட் பிரசங்கத்திலாவது நேயர்கள் கேட்டதுண்டா?

கடையை மூடினால் கள்ளச்சாராயம் பெருகும் என்பது அடுத்த வாதம். இதை அலட்சியமாகத் தள்ளலாகாது. ஆனால் 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெதனால் கலந்த சாராயத்தினால் அறுபதுக்கு மேற்பட்டோர் மாண்டபோது சர்க்கார் கடைகள் திறந்தேயிருந்தன. மாண்டவர்களில் பெரும்பாலோர் கூலிகள். குவார்ட்டர் விலை கொடுக்க முடியாமல் மலிவான பாக்கெட்டைத் தேடியவர்கள். சர்க்கார் கடை அவர்களுக்குக் குடிக்கப் பழக்கியதே தவிரக் காப்பாற்றவில்லை. 2023 ஜூனில் ஒரே நாளில் 500 கடைகளை மூடினார்களே, அதனால் ராஜ்யம் கவிழ்ந்துவிட்டதா? மூட முடியும் என்பதற்கு அதுவே சாட்சி.

நாம் கடைசியாகப் பார்த்த கடை ஒரு பள்ளிக்கூடத்திற்குச் சற்று அப்பால் இருந்தது. பட்டணங்களுக்கு வெளியே 100 மீட்டர் என்பது விதி. நாம் காலடியால் அளந்தோம். தூரம் விதிக்கு உட்பட்டே இருந்தது. ஆனால் கடைக்குப் போகும் ஒற்றையடிப் பாதை பள்ளிக்கூடத்துச் சுவரை ஒட்டியே போகிறது. அதைப் பற்றி விதியில் ஒன்றுமில்லை.

அப்பாதையோரம் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த அம்மாள் ஒருவர் நாம் அளப்பதைப் பார்த்து, சர்க்கார் ஆள் என்று எண்ணி அருகில் வந்தார். பத்திரிகை என்று சொன்னோம். ஆட்டின் குளம்பில் குத்திய கண்ணாடிச் சில்லை எடுத்துக் காட்டினார். கடையை மூட வேண்டுமென்று எழுதப் போகிறோம் என்றோம்.

“எழுதுங்கையா. அவுக மூடுறதுக்குள்ள எம்மவனுக்கு மீசை மொளச்சிரும். அதுவரைக்கும் இந்தப் பாதையையாவது பள்ளிக்கூடத்துக்கு அந்தப் பக்கமா மாத்தச் சொல்லுங்க” என்றார். பையன் மூன்றாம் வகுப்பு படிக்கிறானாம்.